எழவு வீட்டுத் தாம்பாளம்

புகையிலை ஒழிப்புக் கூட்டம் ஒன்று வைத்தால் யார் யார் வருவார்கள் என்று இலங்கை மலையகத்தின் எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் யாரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். குடும்பநல உத்தியோகத்தர் வருவார். தோட்டத்து வெல்ஃபெயார் ஒபிசர், கிராம சேவகர், பெனரோடு ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளை, பொலிஸில் இருந்து ஒருவர் (அவருக்குப் பாதியில் போன் வந்துவிடும்), பாடசாலை அதிபர் அல்லது அதிபர் அனுப்பிய யாரோ ஒரு ஆசிரியர். உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31க்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ, வேலை நாளில், காலை பத்து மணிக்கு. அந்த நேரம் கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையில் இருப்பார்கள். கடைக்காரர் கடையில் இருப்பார். வெற்றிலை புகையிலை போடுகிறவர்களும் இல்லாமல் விற்கிறவரும் இல்லாமல், மிச்சப் பேர் கூடிப் பேசி, வரிசையாக நின்று படம் பிடித்து, பெட்டிஸும் பிளேன்டீயும் முடித்துக் கலைவோம். அதிபர் அனுப்பும் அந்த யாரோ ஒரு ஆசிரியர் பெரும்பாலும் நான்தான். பரிசோதகருக்குத் தமிழ் பேச வரும், விளக்கிச் சொல்ல வராது. எனக்குச் சிங்களம் வரும். அதனால் என்னைக் கூப்பிடுகிறார்கள். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கூட்டங்களில் தவறாமல் ஒரு வட்டப் படம் போடுவார்கள். நடுவில் சமூகம். சுற்றிவர சுகாதாரத் திணைக்களம், தோட்ட நிர்வாகம், பாடசாலை, கோயில், தொழிற்சங்கம், பொலிஸ் என்று பெட்டி பெட்டியாக இருக்கும். எல்லாப் பெட்டிக்கும் நடுவே இரண்டு பக்கமும் கூர் வைத்த அம்புகள். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி உறுத்தும்: இதில் யாருக்கு என்ன நட்டம்? புகையிலை குறைந்தால் இந்தப் பெட்டிக்குள் இருக்கிற ஒருவருக்கும் ஒரு சதம் குறையப் போவதில்லை, ஒரு மரியாதை போகப் போவதில்லை, ஒரு நாள் சம்பளம் வெட்டப்படப் போவதில்லை. அப்படி எதுவும் விட்டுக்கொடுக்காதவர்கள் எத்தனை பேர் சேர்ந்தாலும் அதைக் கூட்டு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இதைக் கூட்டத்தில் சொன்னதில்லை. மொழிபெயர்க்க வந்தவர் சொந்தமாகப் பேசினால் நன்றாக இருக்காது.

மலையில் பத்து மணி

என் அத்தை, அப்பாவின் தங்கை, பென்ஷன் வயது கடந்தும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார். இடுப்பில் ஒரு சுருக்குப் பை, படங்குக்கு உள்பக்கம், மழை படாத இடத்தில். ஏழரைக்கு மலை ஏறினால் ஒன்பதரை, பத்துக்கு முதல் வாய் வெற்றிலை. கூடையை இறக்க மாட்டார். நின்றபடியே வெற்றிலையை எடுத்துப் படங்கில் இரண்டு தரம் தேய்ப்பார், காம்பைக் கிள்ளி எறிவார், நடு நரம்பை நகத்தால் உரிப்பார். சுண்ணாம்பு ஆள்காட்டி விரலில் ஒரு இழுப்பு. பாக்குச் சீவல் நாலைந்து. கடைசியாகப் புகையிலை. அது மட்டும் பையின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் தனியாக இருக்கும். அதில் நகநீளத்துக்கு ஒரு கீற்று. மடித்து இடது கொடுப்புக்குள் ஒதுக்கிவிட்டால் கை மறுபடி கொழுந்துக்குப் போய்விடும். எல்லாமாக ஒரு நிமிஷம் ஆகாது. காலில் அட்டை ஏறியிருந்தால் அந்தச் சாற்றையே குறிபார்த்துத் துப்புவார். அட்டை சுருண்டு விழும்.

"வெத்தல போடாட்டி குளுருல வாயி வெறச்சிக்கும் புள்ள. வயிறும் சும்மா இருக்காது" என்பார் அத்தை. இரண்டுமே உண்மை. புகையிலையில் இருக்கும் நிக்கொட்டின் பசியை அமர்த்தும். பாக்கில் இருக்கும் அரிக்கோலின் உடம்பைச் சுறுசுறுப்பாக்கும். சுண்ணாம்பு வாய்க்குள் காரத்தன்மையைக் கூட்டுவதால் நிக்கொட்டின் கன்னத்துத் தோல் வழியாக இன்னும் வேகமாக இரத்தத்தில் ஏறும். காலையில் ஒரு ரொட்டி, கொஞ்சம் சம்பல், தேத்தண்ணி. அதற்குப் பிறகு பகல் நிறுவை வரைக்கும் செங்குத்து மலையில், பனியில், நிறையும் கூடையோடு. எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாட்கூலி; குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளத்துக்காக எத்தனை போராட்டம் நடந்தது என்பது தெரிந்த கதை. 2021ல் 1000 ரூபாய், 2024ல் 1350. அந்தச் சம்பளத்தை அந்தக் கிலோவோடு கட்டி வைத்திருக்கும் வரைக்கும் பத்து மணிப் பசிக்கு ஏதாவது ஒரு மருந்து வேண்டியிருக்கும். கொழுந்து மலையில் அதற்குக் கிடைக்கிற ஆக மலிவான மருந்து சுருக்குப் பையில் இருக்கிறது.

அதன் விலையை வாய்தான் கொடுக்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. மலையகத்தில் பெண்களும் தப்புவதில்லை, அவர்களும் ஆண்களுக்குச் சரியாக வெற்றிலை போடுகிறவர்கள். புற்றுநோய் வைத்தியசாலை இருப்பது மஹரகமவில். "மஹரகமவுக்குக் கொண்டுபோயிருக்காங்க" என்று சொன்னால் என்ன வியாதி என்று லயத்தில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

தோட்டத்து மருந்துசாலைக்கு வாய் பரிசோதிக்க ஒரு குழு வந்திருந்தது. அத்தையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். இளம் டொக்டர் ஒருவர், பெண். அத்தையின் மூன்று விரல்களை, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல், ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி, வாயைத் திறந்து உள்ளே வையுங்கள் என்றார். ஆரோக்கியமான வாய்க்குள் மூன்று விரலும் போகும். அத்தைக்கு இரண்டுதான் போனது. மூன்றாவது விரலை வைத்து அழுத்திப் பார்த்தார், உதட்டோரம் இழுத்துக்கொண்டு வெளுத்தது. பாக்குப் பழக்கத்தால் கன்னத்தின் உட்தோல் நார்நாராக இறுகிப்போவதால் அப்படி ஆகிறது என்றார் டொக்டர். இடது கொடுப்பில் ஒரு வெள்ளைத் திட்டும் இருந்தது. பேராதனைப் பல் வைத்தியசாலைக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அத்தை அதை மடித்துச் சுருக்குப் பைக்குள், வெற்றிலைக்குப் பக்கத்தில், பத்திரமாக வைத்துக்கொண்டார். அங்கேயே அது வெகுகாலம் இருந்தது.

கேட்டால், "அன்னிக்கு பேரு போயிருமே" என்பார். பஸ் காசு வேறு. ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று, போய்ச் சேர்ந்தால் வரிசை. அத்தை மட்டும் இப்படி என்றில்லை. 1984ல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் இலங்கையைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. சாதாரண ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஓராண்டில் 28,000க்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பரிசோதிக்க வைத்தார்கள். பணியாளர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் மேல் பரிசோதனைக்குப் போகச் சொல்லப்பட்டவர்களில் போனவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். நோயைக் கண்டுபிடிக்க ஆள் இருந்தது. கண்டுபிடிக்கப்பட்டவரை வைத்தியசாலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. நாற்பது வருஷம் கழித்தும் அந்தத் துண்டு சுருக்குப் பைக்குள்தான் கிடக்கிறது.

படம் இல்லாத புகையிலை

நம் நாட்டுச் சட்டம் மோசமான சட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை 2003லேயே உறுதிப்படுத்திய நாடு இது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விளம்பரத்தை நிறுத்தியது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதைத் தடுத்தது, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையை உண்டாக்கியது. சிகரட் பெட்டியில் 80 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2015ல் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது, நீதிமன்றத்தில் ஒரு நீண்ட இழுபறிக்குப் பிறகு. 2016ல் பொட்டலமாக வரும் புகையிலைக் கலவைகளுக்குத் தடை வந்தது. அப்படியும் மாவாவும் பாபுலும் எந்த ஊரில் எந்தக் கடையின் எந்த டப்பாவுக்குள் இருக்கிறது என்று என் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் எனக்குச் சொல்லித் தருவார்கள். அது வேறு கதை.

ஆனால் தோட்டத்துக் கடையில் நின்று பாருங்கள். சிகரட் வாங்குகிறவர் ஒன்று வாங்குவார், மிஞ்சினால் இரண்டு. பெட்டியைத் தொடுகிறவர் கடைக்காரர் மட்டும்; அந்த 80 சதவீதப் படத்தை நாள் முழுக்கப் பார்க்கிறவரும் அவர்தான். பீடி நாலைந்து சேர்த்து, அதுவும் கையில். வெற்றிலையோடு போடும் யாழ்ப்பாணப் புகையிலையைக் கடைக்காரர் கத்தியால் வெட்டி, பழைய கொப்பித் தாளில் சுற்றிக் கொடுப்பார். என் பாடசாலைப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பியாகவும் அது இருக்கலாம். அதில் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. நாடாளுமன்றம் வரைக்கும் போய் வென்று வந்த அந்த எச்சரிக்கை, கொழுந்து மலையில் ஒரு பெண்ணின் கண்ணிலும் படுவதில்லை.

புகைப்பதைக் கைவிட உதவி கேட்க 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், தேசிய அதிகார சபையின் சேவை அது. மலையகத்துத் தமிழருக்கு 1948 என்றால் வேறொன்றுதான் நினைவுக்கு வரும், குடியுரிமையைப் பறித்த வருஷம். கூட்டத்தில் இந்த இலக்கத்தை நான் தமிழில் சொன்னபோது பின்வரிசையில் இருந்த ஒரு பழைய தொழிற்சங்கக்காரர், "நல்ல நம்பரு" என்றார். பரிசோதகர் என்ன சொன்னார் என்று கேட்டார். நல்ல இலக்கமாம் என்றேன்.

எங்கள் கடைக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன், ஊரே அப்படித்தான் கூப்பிடும். கடனுக்குக் கொடுப்பார், கொப்பியில் எழுதுவார், பத்தாம் தேதி சம்பளம் வந்ததும் வசூலிப்பார். அரிசி, மா, பருப்பு, புகையிலை எல்லாம் ஒரே பக்கத்தில் ஒரே கையெழுத்தில். நாட்டில் பல சிறு நகரங்களில் பரிசோதகர்கள் முயற்சி எடுத்து, வியாபாரிகளே முன்வந்து சிகரட் விற்பதை நிறுத்தினார்கள், 2019 வாக்கில் அப்படிப்பட்ட ஊர்கள் நூறைத் தாண்டிவிட்டன. அந்தச் செய்தியை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "டவுன்ல அவங்களுக்கு நூறு சாமான் இருக்கு. எனக்குப் புகையில வாங்க வாரவன்தான் பருப்பும் வாங்குறான். நான் நிறுத்துனா அவன் பணிய டிவிசன் கடைக்குப் போவான், பருப்பும் அங்கதான் வாங்குவான்" என்றார். வட்டப் படத்தில் எங்கேயும் வராத கணக்கு இது. இழக்கப் போகிறவருக்கு மட்டும் தெரிகிற கணக்கு. அப்போது எனக்குப் பதில் இருக்கவில்லை.

நவம் போயாவில்

மரண உதவிச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நவம் போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடக்கும். எங்கள் தோட்டத்தில் எல்லாக் கட்சிக்காரரும், எல்லாத் தொழிற்சங்கத்தாரும், வேதக்காரரும்கூட ஒன்றாக உட்காரும் ஒரே இடம் அது. சாவுக்குக் கட்சி இல்லையே. மாதச் சந்தா கட்டினால், வீட்டில் ஒரு எழவு விழும்போது பெட்டி, டென்ட், கதிரை, தேத்தண்ணிச் சாமான், தாம்பாளம் எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக் காட் என் பெயரில் இருக்கிறது. அதனால் நானும் போவேன், பெண்கள் உட்காரும் பின்பக்கத்துப் பாயில் அத்தைக்குப் பக்கத்தில்.

அந்த வருஷம் சாவுகள் கூடுதல், கையிருப்பு தேய்ந்துவிட்டது. சந்தாவை உயர்த்த வேண்டும் என்று செயலாளர் எழுந்தார். கூச்சல் வந்தது. எதற்கு இவ்வளவு செலவு, கணக்கை வாசி என்றார்கள். வாசித்தார். பெட்டி. டென்ட், கதிரை. சீனி, தேயிலை, பிஸ்கட். அதற்கு அடுத்த வரி தாம்பாளச் சாமான்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, பீடி, சிகரட். ஒரு எழவுக்கு இரண்டு ராத்திரி என்று வைத்தால் எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவு என்று கூட்டிச் சொன்னதும் மண்டபம் கொஞ்சம் அமைதியானது. பெட்டிச் செலவுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

அப்போதுதான் அந்தத் தம்பி எழுந்தான். த்ரீவீலர் ஓட்டுகிறவன், என்னிடம் படித்தவன், பாதியில் நின்று கொழும்புக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவன். கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. "நான் மொதமொதல்ல சிகரட் பத்துனது யாரு காசுலன்னு தெரியுமா? இந்தச் சங்கத்து காசுல" என்றான். சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "எங்க பெரியப்பா செத்தப்ப எனக்குப் பதிமூணு வயசு. தாம்பாளத்தக் கையில குடுத்து எல்லாருக்கும் நீட்டிக்கிட்டு வாடான்னு அனுப்புனீங்க. ராத்திரி மிஞ்சுனத நாங்க பயலுக மூணு பேரு கழிவற பக்கம் கொண்டுபோயி அடிச்சோம். இன்னிக்கு வரைக்கும் நிறுத்த முடியல. எந்தக் கடையிலயும் எனக்கு விக்கல. மாமா கூடத்தான், பெரியவங்களக் கூட்டிட்டு வாடான்னு வெரட்டுவாரு."

எழவு வீட்டில் தாம்பாளம் தூக்குவது பையன்கள் வேலை என்பது மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும். எட்டாம் வகுப்புக்கு நுரையீரல் படம் காட்டிப் பாடம் எடுத்துவிட்டு, மறுநாள் ராத்திரி அதே பையன் ஒரு எழவு வீட்டில் என் முன்னால் தாம்பாளத்தை நீட்டியிருக்கிறான். நான் ஒரு வெற்றிலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பாவம், பொறுப்பான பிள்ளை என்று நினைத்திருக்கிறேன். 21 வயதுச் சட்டம் விற்பனையைத்தான் பார்க்கும். இங்கே யாரும் விற்கவில்லை. மரியாதைக்காகக் கொடுக்கிறோம், அதுவும் எல்லார் காசிலும், பிள்ளையின் கையால்.

முன்வரிசையில் இருந்த பழைய கங்காணித் தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆறு மைல் நடந்து வாரவனுக்கு ஒரு வெத்தல வைக்காட்டி செத்தவனுக்கு என்னடா மரியாத?" தம்பி, "வெத்தலயச் சொல்லல தாத்தா, சிகரட்டையும் பீடியையும் சொல்றேன்" என்றான். ஆம்பிளைகளுக்கு மட்டும் வெட்டா, பொம்பளைகள் போடும் புகையிலை மட்டும் இருக்கலாமா என்று ஒருவர். இருக்கிற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எழவையே நிறுத்திவிடுவோம் என்று இன்னொருவர். கலாட்டா. அதற்கு நடுவில் என் பக்கத்தில் இருந்து அத்தை எழுந்து நின்றார். அந்த மண்டபத்தில் அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. வாயில் வெற்றிலை இருந்தது, அதைக் கொடுப்புக்குள் ஒதுக்கிவிட்டு, "போயிலயும் எடுங்க. வேணுங்கிறவங்க மடியில கொண்டாரட்டும், நான் கொண்டாறேன். பயலுக கையில குடுக்காதீங்க. ஆனா வெத்தல பாக்கத் தொடாதீங்க, தொட்டா நான் சந்தா கட்ட மாட்டேன்" என்றார்.

எல்லாரும் பொருளாளரைப் பார்த்தார்கள். பொருளாளர் கடைக்கார மாமா. தாம்பாளச் சாமான் போவது அவர் கடையில் இருந்து. "எங்கிட்ட கேக்காதீங்க. நான் வேணுமின்னாலும் தப்பு, வேணாமின்னாலும் தப்பு" என்றார். கணக்குக் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "எடுத்தா எடுங்க. நான் வழக்குக்கு வர மாட்டேன்" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். புகையிலை, பீடி, சிகரட் மூன்றையும் தாம்பாளத்தில் இருந்து எடுப்பது என்று மினிட்ஸ் கொப்பியில் எழுதினார்கள். கங்காணித் தாத்தா கை தூக்கவில்லை, வெளியேறவும் இல்லை.

மிஞ்சும் காசை என்ன செய்வது என்ற பேச்சில் நான் வாய் திறந்தேன். வைத்தியசாலைக்குத் துண்டு எழுதிக் கொடுக்கப்பட்ட அங்கத்தவருக்குப் பஸ் காசும் ஒரு நாள் பேரும் கொடுக்கலாம் என்றேன். பஸ் காசுக்குச் சம்மதித்தார்கள். பேருக்கு மறுத்துவிட்டார்கள். "பேருக்குக் காசு குடுத்தா சங்கம் தோட்டமாயிரும் டீச்சர்" என்றார் செயலாளர். எனக்கு அது இன்னும் வருத்தம்தான், ஆனால் அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சுகவீன நாளுக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் ஒருவர் இருக்கும்போது சங்கம் ஏன் அந்தச் சுமையைத் தூக்க வேண்டும்?

அதற்குப் பிறகு

முதல் எழவு அடுத்த மாதமே வந்தது. மஸ்கெலியாப் பக்கத்தில் இருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் தாம்பாளத்தைத் துழாவிப் பார்த்துவிட்டு, பீடி எங்கே என்று கேட்டார். செத்தவரின் மகன், "சங்கத்து முடிவுங்க" என்றான். அந்த ஒரு வசனத்தில் விஷயம் முடிந்துவிட்டது. அன்று எனக்குப் புரிந்தது இது: ஒரு வீடு தனியாக நிறுத்தியிருந்தால் கஞ்சத்தனம், அவமரியாதை என்று மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். எல்லா வீடும் சேர்ந்து நிறுத்தியதால் பேச ஆள் இல்லை. வட்டப் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டப்பார்ப்பது இதைத்தானோ என்னவோ. பின்னேரம் யாரோ சொந்தக் காசில் ஒரு பெட்டி சிகரட் வாங்கி வந்து டென்ட்டுக்குப் பின்னால் பங்கு வைத்தார்கள் என்பதும் உண்மை. பையன்கள் கையில் மட்டும் அது வரவில்லை.

பரிசோதகர் கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டார். உடனே அடுத்த கேள்வி: பாக்கு? அவர் கேட்டது சரி. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் புகையிலை சேராத வெற்றிலையையும், தனிப் பாக்கையும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் பிரிவில் வைத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அத்தையின் வாய் இரண்டு விரலுக்குச் சுருங்கியதே பாக்கால்தான். அப்படிப் பார்த்தால் எங்கள் தாம்பாளத்தில் இருந்து பாதி விஷத்தை எடுத்துவிட்டு மீதியை மரியாதையோடு நீட்டிக்கொண்டிருக்கிறோம். இது தெரிந்தும் நான் அவரிடம், அவசரப்படாதீர்கள் என்றேன். அன்று பாக்கையும் சேர்த்துக் கேட்டிருந்தால் அத்தை எதிராகத்தான் கை தூக்கியிருப்பார், அத்தையோடு பின்பக்கத்துப் பாய் முழுவதும். நான் சொன்னது விஞ்ஞானம் இல்லை. சரியா என்றும் உறுதியாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு அழைக்க வெற்றிலை பாக்கு, பரிசம் போட வெற்றிலை பாக்கு, சாமிக்கு வெற்றிலை பாக்கு. பீடியை வைத்து யாரும் சாமி கும்பிடுவதில்லை (முனியாண்டி மன்னிக்கட்டும், அவருக்குச் சுருட்டு வைப்பார்கள்). வேர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் மண்வெட்டியைப் போட வேண்டும்.

அப்புறம் ஒரு பலகை வந்தது. "புகையிலையற்ற தோட்டம்" என்று எழுதி, கீழே ஆதரவு கொடுத்தவர்களின் சின்னங்களோடு, தோட்டத்து வாசலில் நடுவதற்கு. சங்கம் வேண்டாம் என்றுவிட்டது. "தோட்டத்துல புகையில இல்லன்னு யாரு சொன்னது? தாம்பாளத்துலதான் இல்ல" என்றார் செயலாளர். பலகை இப்போது மருந்துசாலைச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

சங்கம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் எழுதியது. எழுதியது என் கை. பத்து மணிக்கு மலைக்குச் சூடாகத் தேத்தண்ணியும் கடிக்க ஏதாவதும் அனுப்ப வேண்டும், அந்த நேரத்தைக் கிலோவில் பிடிக்கக் கூடாது. இரண்டே கோரிக்கை. பசியை நிக்கொட்டினால் அடக்க வேண்டாம் என்று சொல்கிறவர்கள் பசிக்கு வேறு என்ன என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அதே வாரம், முந்தைய கூட்டத்தில் பிடித்த படத்தைச் சான்றிதழ் வேலைக்காக அனுப்ப முடியுமா என்று கேட்டும் ஒரு பதில் வந்தது. படத்தை அனுப்பிவிட்டேன்.

மாமா கதை வேறு. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தின் 5.3ஆம் உறுப்புரை, சுகாதாரக் கொள்கை வகுக்கும்போது புகையிலைத் தொழில்துறையின் நலன்கள் உள்ளே வராமல் பாதுகாக்கச் சொல்கிறது. கம்பனிகளைப் பொறுத்தவரை எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. சிகரட் செய்கிறவரைக் கூப்பிட்டுச் சிகரட்டைக் குறைப்பது எப்படி என்று கேட்பது விளையாட்டுப் பேச்சு. ஆனால் கொப்பித் தாளில் புகையிலை சுற்றிக் கொடுக்கும் ஒரு தோட்டத்துக் கடைக்காரரையும் அதே கணக்கில் வெளியே நிறுத்தினால், அவரை அந்தக் கம்பனிக்கே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சங்கத்து ஓடர் போனதில் ஊரில் ஆகக் கூடுதலாக நட்டப்பட்டவர் அவர்தான். சில வாரம் கழித்து மகளின் கணக்குக் கொப்பிக்கு உறை வாங்கப் போனபோது சுவரில் மார்க்கர் பேனாவால் எழுதிய மட்டை ஒன்று தொங்கியது: "சிகரட், பீடி, புகையிலை கடன் இல்லை." ஏன் மாமா என்றேன். "சனத்துக்கு நல்லதுன்னு நெனச்சிக்கிறாதீங்க டீச்சர். புகையிலக் கடன்தான் வசூல் ஆக மாட்டேங்குது" என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம். கடன் இல்லை என்றானதும் மாதக் கடைசியில் பாதிப் பேருக்குப் புகையிலை வாங்க வழியில்லாமல் போய்விட்டது. பல பேர் திட்டினார்கள். சிலர் உண்மையிலேயே பணிய டிவிசன் கடைக்குப் போனார்கள், பருப்போடு சேர்த்து. மட்டை இன்னும் தொங்குகிறது.

அத்தை பேராதனைக்குப் போய் வந்தார். பஸ் காசு சங்கத்து உறையில் வைத்துக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கப்பட்டது. சங்கத்துக் காசு எடுத்துவிட்டுப் போகாமல் இருந்தால் கணக்குக் கேட்பார்களே என்ற பயத்தில்தான் போனார் என்று நினைக்கிறேன். திட்டில் இருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டே ஆக வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். புகையிலையை விட்டார். முதல் இரண்டு வாரம் தலைவலி, எரிச்சல், கொழுந்தும் குறைந்தது; ஒரு நாள் அரைப்பேர்தான். என்னோடு பேசவே இல்லை. பாக்கை விடவில்லை. சீவலின் அளவைக் குறைத்திருப்பதாகச் சொல்கிறார், அதை நான் அளந்து பார்க்க முடியாது.

அடுத்த நவம் போயாவுக்கு பாக்கு விஷயத்தைக் கொண்டுவரப் போவதாக அந்த த்ரீவீலர் தம்பி சொல்லித் திரிகிறான். அத்தையின் காதுக்கும் எட்டிவிட்டது. "வரட்டும். நானும் வாறேன், எந்திரிச்சி எதுத்துப் பேசுறேன்" என்கிறார். இந்த முறை பின்பக்கத்துப் பாயில் உட்காரப் போவதில்லையாம், முன்னுக்குக் கதிரை கேட்டிருக்கிறார்.